எவருடைய கால் அளவுகோல்? நடையை அளந்த வரலாறும் இந்திய உடல்களும்

1893ஆம் ஆண்டு லாகூர் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்துவந்த ஹேவ்லாக் சார்ல்ஸ், பஞ்சாபியரின் கால் எலும்புகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு கணுக்காலில் வந்து முடியும் முன்விளிம்பிலும், அதைத் தாங்கும் கணுக்கால் எலும்பின் கழுத்துப் பகுதியிலும் வழவழப்பான சிறு தளங்கள் அமைந்திருப்பதை அவர் கண்டார். ஐரோப்பியரின் எலும்புகளில் இவை பொதுவாகக் காணப்படுவதில்லை. காரணம் உட்காரும் முறையில் இருந்தது. குந்தி உட்காரும்போது பாதம் முழுவதும் தரையில் பதிந்திருக்க, கால் முன்னோக்கிச் சாய்கிறது. அந்நிலையில் இவ்விரு எலும்புகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. நாள்தோறும் தொட்டுத் தொட்டு, தொடும் இடத்தில் எலும்பே ஒரு தளத்தை அமைத்துக்கொள்கிறது.

அடுத்த ஆண்டே, வாழ்நாளில் ஈட்டிய பண்பு மரபுவழி இறங்குமா என்னும் அக்காலச் சர்ச்சைக்கு இதைச் சான்றாக அவர் முன்வைத்தார். அந்த முடிவு காலத்தில் நிற்கவில்லை. ஆனால் அவர் கண்ட எலும்புத் தளங்களை அகழாய்வு எலும்பியலாளர்கள் இன்றும் தேடிப் பார்க்கிறார்கள். ஒரு மக்கள் தரையில் வாழ்ந்தார்களா, இருக்கையில் வாழ்ந்தார்களா என்பதற்கு அது ஒரு தடயம்.

இங்கே கவனிக்க வேண்டியது அவருடைய சொல்லாட்சி. பஞ்சாபியரிடம் காணப்பட்டவற்றை அவர் ‘தனித்தன்மைகள்’ என்றே தலைப்பிட்டார். மனித இனம் பெரும்பாலான காலம் குந்தி உட்கார்ந்தே வாழ்ந்திருக்க, நாற்காலியில் வளர்ந்த கணுக்கால் இயல்பென்றும் குந்தி வளர்ந்த கணுக்கால் விலகல் என்றும் அந்த ஏட்டில் பதிவாயின. ஒரு வட்டார வழக்கைத் தரமொழியாக வைத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் கொச்சை என அளக்கும் போக்கை மொழியியல் கைவிட்டு நெடுநாளாகிறது. நடையையும் நிற்கும் நிலையையும் தசைகளின் சமநிலையையும் அளக்கும் துறைகள் அதே கேள்வியை வேறொரு வழியில் சந்தித்தன. அந்த வழியின் முக்கியமான திருப்பங்கள் சில இந்திய மருத்துவமனைகளில் நிகழ்ந்தன.

*ஆய்வுக்கூடத்தில் நடந்தவர் யார்?*

நடையை எண்களால் விளக்கும் ஆசை பழையது. பொரெல்லி என்னும் இத்தாலிய அறிஞர் ஒரு பலகையைக் கூர்விளிம்பின்மீது நிறுத்தி, அதில் மனிதனைப் படுக்கவைத்து, எடை இருபுறமும் சமப்படும் இடத்தைத் தேடினார். விலங்குகளின் அசைவு குறித்த அவருடைய நூல், அவர் இறந்த மறு ஆண்டான 1680 முதல் வெளிவரத் தொடங்கியது. 1836இல் ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் கடிகாரமும் தொலைநோக்கியும் கொண்டு அடிகளின் நீளத்தையும் நேரத்தையும் அளந்தார்கள். தூக்கிய கால் ஊசல்போலத் தானே முன்னால் ஆடுகிறது என்பது அவர்கள் கொள்கை. தசைகளை மின்சாரத்தால் தூண்டி ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் துஷேன், தசை செயலிழந்தவர்களின் கால் அவ்வாறு ஆடுவதில்லை எனக் காட்டினார். இயல்பான நடையின் உள்ளமைப்பு, நடக்க இயலாதவரின் உடலிலிருந்துதான் புலப்பட்டது. இந்த வரலாறு நெடுகிலும் திரும்பத் திரும்ப நேர்வது இதுவே.

முப்பரிமாணத்தில் முதன்முதலாக நடையைக் கணக்கிட்டவர்கள் லைப்சிக் நகரின் வில்ஹெல்ம் பிரௌனேயும் ஓட்டோ ஃபிஷரும். அவர்களுடைய நூலின் முதல் பகுதி 1895இல் வெளிவந்தது. இருட்டறையில், ஒளிரும் மெல்லிய கண்ணாடிக் குழாய்களைக் கைகால்களில் கட்டிக்கொண்டு ஒருவர் நடந்தார். பல கோணங்களிலிருந்து படக்கருவிகள் அந்த ஒளிக்கோடுகளைப் பதிந்தன. அவரை ஆயத்தப்படுத்தவே பல மணி நேரம் பிடித்தது. சில அடிகளைக் கையால் கணக்கிட்டு முடிக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது.

அத்தனை உழைப்பும் ஒரே ஒரு மனிதரின் நடைமீது செலவிடப்பட்டது. அவர் இருமுறை வெறுமனே நடந்தார். மூன்றாம் முறை இராணுவ முதுகுப்பை, தோட்டாப் பைகள், துப்பாக்கி ஆகியவற்றைச் சுமந்து நடந்தார். காலாட்படை வீரன் எவ்வளவு சுமையை எப்படிச் சுமந்தால் களைக்காமல் நடப்பான் என்பது அக்கால அரசுகளின் கவலை. அந்த ஒரு மனிதரின் எண்கள் பல்லாண்டுகள் பாடநூல்களில் ‘மனிதனின் நடை’யாகவே நிலைபெற்றன.

அரை நூற்றாண்டுக்குப் பின்னர் அமெரிக்காவிலும் போர்தான் பணம் தந்தது. இரண்டாம் உலகப் போரில் கால் இழந்து திரும்பியவர்களுக்காகக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இன்மனும் எபர்ஹார்ட்டும் ஆய்வு தொடங்கினர். தோல் அசைந்து அளவைக் கெடுக்கும் என்பதால் தன்னார்வலர்களின் எலும்புகளிலேயே எஃகு ஊசிகளைச் செருகி நடக்கவைத்தனர். 1953இல் சாண்டர்ஸும் இவர்களும் வெளியிட்ட கட்டுரை, உடலின் எடைமையம் ஏறி இறங்குவதைக் குறைத்து ஆற்றலைச் சேமிக்கும் ஆறு கூறுகளாக நடையைப் பகுத்தது. இரண்டு மூன்று தலைமுறை மாணவர்கள் அதை மனனம் செய்தார்கள். 1990களுக்குப் பின் வந்த நுண்ணிய அளவீடுகள், அந்த ஆறில் சில கூறுகள் எடைமையத்தின் அசைவைக் குறைப்பதில் ஏறத்தாழப் பங்கே வகிப்பதில்லை என்று காட்டின. அழகான இலக்கணம் வகுக்கப்பட்டது. வழக்கு அதற்கு முழுவதும் இணங்கவில்லை.

*கையே கருவியான காலம்*

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், உடலை அளக்கும் கலையை வளர்த்தது போலியோ. அமெரிக்காவின் பாஸ்டனில் ராபர்ட் லவெட் என்னும் எலும்பு மருத்துவரிடம் பணியாற்றிய வில்ஹெல்மைன் ரைட், ஒவ்வொரு தசையையும் தனித்தனியே சோதித்துத் தரமிடும் முறையை 1912இல் வெளியிட்டார். அதன் அடிப்படை மிக எளிது: குழந்தை தன் கால் அல்லது கையின் சொந்த எடையை எதிர்த்து அதைத் தூக்குகிறதா? தூக்கினால், சோதிப்பவரின் கை தரும் எதிர்ப்பையும் மீறுகிறதா? புவியீர்ப்பைப்போல எல்லாக் கிராமத்திலும் இலவசமாகக் கிடைக்கும் எடைக்கல் வேறில்லை. 1943இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் போர்க்காய நரம்புச் சேதங்களுக்காக இதே வழியில் வகுத்த 0 முதல் 5 வரையிலான தரவரிசையைத்தான் இந்திய மருத்துவ மாணவர்கள் இன்றும் நோயாளியின் படுக்கையருகே நின்று சொல்கிறார்கள். 0 என்றால் அசைவே இல்லை; 3 என்றால் புவியீர்ப்பை வெல்லும்; 5 என்றால் இயல்பு.

அந்த ஐந்தில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் தம் வலிமையில் கணிசமான பகுதியை இழந்த பின்னும் சோதிப்பவரின் கையை எளிதில் தள்ளிவிடக்கூடும். ஏட்டில் அவர் இயல்பானவர். தொழிலில் அவர் வீழ்ந்தவர். மருத்துவர் எதிர்ப்பாக வைப்பது தம் கையை மட்டுமன்று, இயல்பு குறித்த தம் எதிர்பார்ப்பையும்தான்.

நிற்கும் நிலைக்கும் ஓர் அளவுகோல் வந்தது. ஹென்றி கெண்டல், ஃபுளோரன்ஸ் கெண்டல் என்னும் அமெரிக்க இயன்முறை மருத்துவத் தம்பதியர் 1949இல் வெளியிட்ட தசைச் சோதனை நூல், கொத்தனாரின் தூக்குக்குண்டை மருத்துவத்தின் நிலையான கருவியாக்கியது. பக்கவாட்டில் நின்று பார்க்கையில் தூக்குநூல் காது மடலையும் தோள் மூட்டையும் கடந்து, இடுப்பு மூட்டுக்குச் சற்றுப் பின்னும் முழங்கால் மூட்டின் அச்சுக்குச் சற்று முன்னும் சென்று, கணுக்காலின் வெளிப்புற முண்டுக்குச் சற்று முன்னே இறங்க வேண்டும். நூலிலிருந்து விலகும் இடங்களில் ஒருபுறத் தசை இறுகியும் எதிர்ப்புறத் தசை தளர்ந்தும் இருக்கும் என்பது அதன் தர்க்கம். போலியோவால் தசைகள் உண்மையிலேயே செயலிழந்த உடல்களில் இத்தர்க்கம் வழிகாட்டியது. ஆனால் நலமுடையவர்களிடம் நூலிலிருந்து விலகுவதற்கும் வலிக்கும் இடையே வலுவான தொடர்பு நிறுவப்படவில்லை. நூல் நேரானது என்பதற்காக உடலும் அவ்வாறே இருந்தாக வேண்டும் என்பதில்லை.

செக் நாட்டின் விளாதிமிர் யாண்டா (1928–2002) இதை வேறொரு கோணத்தில் அணுகினார். பதினைந்து வயதில் போலியோவால் தாக்குண்டு மீண்டும் நடக்கக் கற்றவர் அவர். கழுத்து, தோள் பகுதியிலும் இடுப்புப் பகுதியிலும் இறுகும் தசைகளும் தளரும் தசைகளும் குறுக்குக் கோடுகளாக எதிரெதிரே அமைவதை விவரித்தார். நெடுநேரம் உட்கார்ந்திருக்கும் வாழ்க்கையையும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையையும் அவர் காரணங்களாகச் சுட்டினார். லாகூரில் குந்துதல் எலும்பில் எழுதப்பட்டதென்றால், பிராகாவில் நாற்காலி தசையில் எழுதப்பட்டது. வரலாற்று நோக்கில் இவ்விரண்டையும் ஒரே வரிசையில்தான் வைக்க வேண்டும்.

*வேலூர்: தாங்கி நடக்காதவர்கள்*

தமிழில் நடைக்கோளாறுகளுக்குச் சொற்கள் பல உண்டு. நொண்டுதல், கெந்துதல், விந்துதல் ஆகியவற்றோடு ‘தாங்கித் தாங்கி நடத்தல்’ என்றும் ஒன்று உண்டு. வலிக்கும் காலில் எடையை முழுவதும் இறக்காமல், அதைக் காத்துக்கொண்டு நடப்பதை அது குறிக்கிறது. குறைபாட்டைச் சொல்லும்போதே அதன் நோக்கத்தையும் சொல்லிவிடும் சொல் அது. இந்த நோக்கத்தின் மதிப்பை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் கண்டுணர்ந்தார்.

தொழுநோய் தசையை அழுகச் செய்கிறது, ஆகவே பாதத்தில் புண் வருகிறது என்பதே அதுவரை நிலவிய எண்ணம். பிராண்டும் அவருடைய குழுவினரும் புண்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, அவை நோயின் நேரடி விளைவல்ல, உணர்விழந்த பாதம் படும் அடிகளின் விளைவே என்று காட்டினர். நலமுடைய ஒருவர் நெடுந்தொலைவு நடக்கும்போது பாதத்தின் ஓரிடம் கன்றத் தொடங்கியதும் தம்மையறியாமலே அடி வைக்கும் விதத்தை மாற்றுகிறார். எடை வேறிடத்துக்கு நகர்கிறது. உணர்விழந்தவருக்கு அந்த எச்சரிக்கை வருவதில்லை. முதல் அடியைப் போலவே ஆயிரமாவது அடியையும் அதே இடத்தில் வைக்கிறார். புண் வந்த பின்னும் தாங்கி நடப்பதில்லை.

நடை ஆய்வின் வரலாற்றில் இது ஒரு தலைகீழ் மாற்றம். நொண்டல் குறை, சீரான நடை நலம் என்னும் சமன்பாடு இங்கே உடைந்தது. புண்பட்ட காலோடு சீராக நடப்பவரே பெரும் ஆபத்தில் இருப்பவர். நடையின் வடிவத்தை மட்டும் பார்த்து நலத்தைத் தீர்மானிக்கவியலாது. அந்த நடை எதற்கு மறுமொழி சொல்கிறது, எதற்குச் சொல்லத் தவறுகிறது என்பதையும் கேட்க வேண்டும். சிகிச்சையும் அதற்கேற்பவே அமைந்தது. கால்விரல் பக்கம் தூக்க முடியாமல் தொங்கும் பாதத்துக்குத் தசைநாண் இடமாற்ற அறுவை செய்யப்பட்டது. வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மையத்திலும் நுண்ணறை ரப்பரால் ஆன மென்மையான காலணிகள் உருவாக்கப்பட்டன. அடிகளைச் சிறிதாக வைக்கவும் மெதுவாக நடக்கவும் நோயாளிகளுக்குக் கற்பிக்கப்பட்டது. சுருங்கச் சொன்னால், உடல் தானாகச் செய்ய மறந்த ‘தாங்குதலை’ அறிவால் செய்யப் பழக்கினார்கள்.

*ஜெய்ப்பூர்: குந்தும் கால்*

1960களில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி ஒரு கேள்வியோடு போராடிக்கொண்டிருந்தார். செயற்கைக் கால் பெற்றுச் சென்றவர்களில் பலர் ஏன் அதைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் ஊன்றுகோலுக்குத் திரும்புகிறார்கள்?

விடை, அந்தக் காலின் இலக்கணத்திலேயே இருந்தது. பெர்க்லியில் வடிவமைக்கப்பட்டு உலகெங்கும் பரவிய செயற்கைப் பாதம், உள்ளே அசையாத மரக்கட்டையும் குதிகாலில் மெத்தையும் கொண்டது. சமதளத்தில் காலணியோடு நடப்பதற்கு அது சிறப்பாகப் பொருந்தியது. ஆனால் கணுக்கால் மடங்காததால் குந்த முடியாது. பாதம் திரும்பாததால் சம்மணமிட்டு உட்கார முடியாது. காலணி இல்லாமல் பயன்படாது. கோயிலுக்குள்ளோ அடுக்களைக்குள்ளோ காலணியோடு செல்ல முடியாது. சேற்று வயலில் இறங்கினால் காலணியும் பாதமும் கெடும். நடை அட்டவணையில் அந்தக் கால் தேறியது. தரையில் உண்டு, தரையில் உட்கார்ந்து உழைத்து, குந்திக் கழிவறை செல்லும் வாழ்க்கையில் அது தோற்றது.

அதிகம் பள்ளி சென்றிராத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேத்தியும் சேர்ந்து 1960களின் இறுதியில் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம் ரப்பரால் ஆனது. முன்பாதத்திலும் குதிகாலிலும் மெத்தென்ற ரப்பர்க் கட்டைகள், கணுக்காலில் மரம், அனைத்தையும் சுற்றி டயரில் பயன்படும் இழையும் தோல்நிற ரப்பரும். அச்சிலிட்டுச் சூடேற்றினால் எல்லாம் ஒரே பாதமாக இறுகிவிடும். அது மேல்நோக்கி மடங்கியது, உள்ளும் வெளியும் சாய்ந்தது, திரும்பவும் செய்தது. விரல்களோடு கூடிய பாதமாகவே தோன்றியதால் வெறுங்காலோடும் நடக்கலாம். மேடுபள்ளமான நிலத்தில் அது நிலத்துக்கேற்ப வளைந்தது. சேத்திக்கு 1981இல் மக்சேசே விருது கிடைத்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் நேர்ந்த பேருந்து விபத்துக்குப் பின் வலக்காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் காலோடு 1984இல் மீண்டும் மேடையேறியது நாடறிந்த செய்தி.

இதைக் குறையற்ற வெற்றிக் கதையாகச் சொல்வது நேர்மையாகாது. அந்தப் பாதத்தின் எடையும், கையால் செய்யப்படுவதால் ஒன்றுக்கொன்று தரம் வேறுபடுவதும் பொறியாளர்களிடையே விவாதிக்கப்பட்டே வந்துள்ளன. ஆயினும் அது அளவுகோலில் செய்த திருத்தம் நிலைத்தது. ‘நன்றாக நடக்கிறாரா?’ என்பதோடு ‘உட்கார்ந்து எழுகிறாரா, வேலைக்குத் திரும்பினாரா?’ என்பதும் சோதனையின் பகுதியாயிற்று. ஹேவ்லாக் சார்ல்ஸ் விலகலாகப் பதிந்த அதே குந்துதலை, முக்கால் நூற்றாண்டுக்குப் பின் ஜெய்ப்பூர் ஒரு பாதம் நிறைவேற்ற வேண்டிய தேவையாக வரையறுத்தது.

*பள்ளிக்கு வராத கால்கள்*

நடையைப் பார்ப்பது ஒருவரின் நோயறிதலாக மட்டும் நிற்கவில்லை. ஒரு நாட்டின் நோய்க்கணக்காகவும் ஆனது. வெப்பமண்டல நாடுகளில் போலியோ வாதம் அரிது என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. மருத்துவமனைப் பதிவேடுகள் அதையே உறுதிசெய்வதாகத் தோன்றின. மருத்துவமனைக்கு வராத குழந்தைகள் பதிவேட்டில் இல்லை. 1970களில் கானாவில் ஆய்வாளர்கள் பள்ளிக் குழந்தைகளை நடக்கவைத்துப் பார்த்து, நொண்டுபவர்களைத் தனியே சோதித்து, வாதத்தின் உண்மையான பரவலைப் பின்னோக்கிக் கணக்கிட்டனர். அதே முறையில் இந்தியாவிலும் 1980களின் தொடக்கத்தில் ஊனக் கணக்கெடுப்புகள் நடந்தன. காய்ச்சலோடு திடீரெனத் தொடங்கியதா, தசை தளர்ந்து மெலிந்துள்ளதா, தொடு உணர்வு கெடாமல் உள்ளதா என்னும் கேள்விகள் போலியோவைப் பிற காரணங்களிலிருந்து பிரித்தன. ரைட் வகுத்த எளிய கைச்சோதனை போன்ற முறைகள் இங்கே கிராமத் தெருக்களில் பயன்பட்டன.

கணக்கெடுத்தவர்கள் விரைவில் ஒன்றை உணர்ந்தனர். பள்ளியில் மட்டும் எண்ணினால் தொகை குறைகிறது; நடக்க இயலாத குழந்தை பள்ளிக்கே வருவதில்லை. வீடு வீடாகச் சென்றபோதுதான் உண்மையான அளவு தெரிந்தது. போலியோ இங்கே அரிதன்று, பரவலானது என்பது நிறுவப்பட்டது. 1995இல் தொடங்கிய தேசியச் சொட்டுமருந்து நாட்களுக்கும், 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹௌராவில் பதிவான கடைசி நேர்வுக்கும் பின்னால் இந்த எண்ணிக்கைகளும் நிற்கின்றன. ஆய்வுக்கூடத்துக்கு யார் வந்து நடக்கிறார் என்பதைப் போலவே, யார் வரவே இல்லை என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.

*சொல் மாறியபோது*

மொழி பயில்வோர் கவனிக்க வேண்டிய ஒரு கலைச்சொல் மாற்றம் உண்டு. பழைய நடை ஆய்வில் ஒரு சுழற்சியின் தொடக்கத்தைக் ‘குதிகால் மோதல்’ என்றும் ஊன்றும் காலம் முடிவதை ‘விரல் நீங்கல்’ என்றும் அழைத்தனர். பெருமூளை வாதமோ பக்கவாதமோ உள்ளவர்களில் பலருக்குக் குதிகால் முதலில் தரையைத் தொடுவதே இல்லை. விரல் நுனி தொடும், அல்லது பாதம் முழுவதும் ஒன்றாகப் பதியும். அவர்களை விவரிக்கும் முதல் சொல்லிலேயே அவர்கள் விலக்கப்பட்டார்கள். கலிஃபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் போலியோ நோயாளிகளிடமிருந்து நடையைக் கற்ற மருத்துவர் ஜாக்குலின் பெரியும் அவருடைய குழுவினரும் இச்சொற்களை மாற்றினர். குதிகால் மோதல், ‘முதல் தொடுகை’ ஆயிற்று. எந்த உறுப்பு தொட்டாலும் அது தொடுகைதான். எல்லா நடைகளையும் விவரிக்க இடந்தரும் சொல் அது. வழக்கு முந்தி, இலக்கணம் பிந்தி என்னும் நெறியை ஒரு மருத்துவமனை தன் கலைச்சொல்லில் ஏற்றுக்கொண்ட தருணம் என்றே இதைக் கருதலாம்.

இன்று பல படக்கருவிகளோ எலும்பில் ஊசிகளோ தேவையில்லை. கைப்பேசி ஒன்றே அடியின் நீளத்தையும் இருகால்களின் வேறுபாட்டையும் எண்ணாகத் தருகிறது; தோரணையைத் திருத்துவதாகச் சொல்லும் செயலிகளும் கருவிகளும் சந்தையில் மலிந்துள்ளன. ஒவ்வோர் எண்ணுக்கு அருகிலும் ‘இயல்பான அளவு’ என்று இன்னோர் எண் இருக்கிறது. இயன்முறை மருத்துவம், விளையாட்டறிவியல், மானிடவியல், பொறியியல் பயிலும் மாணவர்கள் அந்த இரண்டாம் எண்ணிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அதைப் பெற எத்தனை பேர் நடந்தார்கள்? வெறுங்காலோடா, காலணியோடா? வழவழப்பான தரையிலா, வரப்பிலா? தரையில் உட்கார்ந்து எழுபவர்கள் அவர்களில் இருந்தார்களா? தலையில் சுமை வைத்துப் பழகியவர்கள் இருந்தார்களா? நடக்க வந்தவர்கள் யார், வர முடியாமல் வீட்டில் இருந்தவர்கள் யார்?